ஆயில் பேஸ்டல் படம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பொருளை மாற்றுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், கடையில் போய் ஆயில் பேஸ்டல் கேட்டால் இரண்டு மூன்று பெட்டிகள்தாம் மேசைக்கு வரும். புஞ்சோ இருக்கும், பென்டெல் இருக்கும், அப்புறம் பெயர் வாயில் நுழையாத ஒன்று இருக்கும். படம் சரியாக வரவில்லை என்றதும் பெற்றோர் அடுத்த முறை ஈப்போ போகும்போது இன்னும் பெரிய பெட்டியாக வாங்கி வருவார்கள். 24 நிறம் இருந்த இடத்தில் 48 நிறம் இருக்கும். படம் மட்டும் பழையபடிதான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது: கோளாறு பத்தில் ஏழெட்டு தாளில்தான். மிச்சம், ஓரிரு குச்சிகளில். முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டிய அவசியம் அபூர்வமாகத்தான் வரும். உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்; வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

நிறம் ஏறவில்லை, குச்சி வழுக்குகிறது

கையில் இருப்பது ஆயில் பேஸ்டல்தானா என்பதை முதலில் பாருங்கள். அழுத்தி ஒரு கோடு போட்டு விரலால் தேயுங்கள். நிறம் விரலோடு இழுபட்டு வந்தால் ஆயில் பேஸ்டல். கோடு அசையாமல் அப்படியே நின்றால் மெழுகுக் கிரேயான். கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கியிருப்பார்கள், பெட்டியின் படமும் ஒரே மாதிரி இருக்கும். கிரேயானில் நிறமியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மெழுகு மட்டுமே. ஆயில் பேஸ்டலில் மெழுகோடு காயாத எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. அது குழைவதற்கு அந்த எண்ணெய்தான் காரணம். கிரேயானைக் குழைத்துத் தரும் வித்தை என்னிடம் இல்லை.

குச்சி சரி என்றால், சந்தேகம் தாள் மேல் போக வேண்டும். தேங்காய்த் துருவி தேங்காயை எடுப்பதுபோல, தாளின் சொரசொரப்புத்தான் குச்சியிலிருந்து நிறத்தைச் சுரண்டி எடுத்துத் தன் குழிகளில் வைத்துக்கொள்கிறது. நகல் எடுக்கும் தாளிலும் மணிலா அட்டையிலும் காலண்டரின் பின்பக்கத்திலும் அந்தக் குழிகள் போதாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவிப் பாருங்கள். விரல் தடையில்லாமல் ஓடினால் அந்தத் தாள் வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் சித்திரத் தாள் பெரும்பாலும் 135 கிராம் எடை கொண்டது. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு அது, உறையில் அச்சிட்டிருப்பார்கள். பயிற்சிக்கு அது போதும். அதற்கு இரண்டு பக்கம் உண்டு, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சொரசொரப்பாக இருக்கும், அதில் வரையுங்கள். சுவரில் மாட்டப்போகும் படம் என்றால் 200 கிராமுக்குக் குறையாமல் வாங்குங்கள். 300 கிராம் நீர்வண்ணத் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதிலும் மூன்று வகை உண்டு: வழவழப்பு, நடுத்தரம், முரடு. நடுத்தரம்தான் ஆயில் பேஸ்டலுக்குப் பொருந்தும். உறையில் ‘கோல்ட் பிரெஸ்’ என்று எழுதியிருப்பது அதுதான்.

நல்ல தாள் ஊரில் கிடைக்கவில்லை என்றால் வன்பொருள் கடைக்குப் போங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 400 அல்லது 600 எண் கொண்ட உப்புத்தாளில் ஆயில் பேஸ்டல் அருமையாகப் பிடிக்கும். தாளின் நிறமே கருமையாக இருப்பதால் இரவுக் காட்சிக்கும் மழைக் காட்சிக்கும் பின்னணி தயாராகவே இருக்கிறது. ஒரே குறை, குச்சியைத் தின்றுவிடும். சின்ன அளவில் வரையுங்கள்.

இன்னொரு வழி, தடித்த தாளின் மேல் கெஸ்ஸோ பூசுவது. அக்ரிலிக்கில் சுண்ணக்கட்டித் தூள் கலந்த வெள்ளைப் பூச்சு அது. ஒரு கைப் பூசிக் காயவிட்டு, அதற்குக் குறுக்காக இன்னொரு கை. தூரிகைத் தடமே சொரசொரப்பாக நிற்கும். தாள் சுருளாமல் இருக்க நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுப் பூசுங்கள். பயிற்சிப் படத்துக்கு, வீட்டுச் சுவருக்கு அடித்து மிச்சமான பளபளப்பில்லாத எமல்ஷன் பெயின்டையே பூசிக்கொள்ளலாம். நீண்ட காலம் வைத்திருக்கும் படத்துக்கு அது ஆகாது.

மேலே போடும் நிறம் ஒட்டவில்லை

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். முதல் அடுக்கு நன்றாக விழும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது நிறம் ஒட்டாமல் கீழே இருப்பதையும் வழித்துக்கொண்டு வரும்.

தாளின் குழிகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். தொடக்கத்திலேயே பலம் கொண்ட மட்டும் அழுத்திப் பூசினால் முதல் அடுக்கிலேயே நிரம்பிவிடும். முதல் அடுக்கைக் குச்சியின் பக்கவாட்டில், கை எடை மட்டும் விழும்படி பூசுங்கள். ஏற்கெனவே நிரம்பிவிட்டதா? பழைய டச் அண்ட் கோ பயண அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் தேவையான இடத்தை மட்டும் வழித்து எடுத்துவிட்டு மறுபடி போடலாம். அட்டையைப் படுக்கை வாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் தாள் கிழியும்.

இன்னொரு காரணம் குச்சியின் கடினம். கடினமான குச்சி கீழே, மென்மையானது மேலே என்பதுதான் ஆயில் பேஸ்டலில் வரிசை. மென்மையான அடுக்கின் மேல் கடினக் குச்சியை வைத்தால் அது உழுதுகொண்டு போகும். பள்ளிப் பிள்ளைகளுக்கான பெட்டிகள் எல்லாமே கொஞ்சம் கடினமானவை. உடையக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒரே பெட்டிக்குள் மேலே போடுவதற்கு மென்மையான குச்சி இல்லாமல் போகிறது.

அதனால்தான், ‘டீச்சர், வேற பெட்டி வாங்கிடலாமா?’ என்று கேட்கிற அம்மாக்களிடம் நான் சொல்வது: பெட்டி இருக்கட்டும், மென்மையான வெள்ளைக் குச்சி ஒன்றே ஒன்று தனியாக வாங்குங்கள். ஓவியர்களுக்கான வகையில் தனிக்குச்சி விற்கிறார்கள். மலிவில் பார்த்தால் கொரியாவின் முங்யோ காலரி மென்வகை. கை தாராளமாக இருந்தால் பிரான்சின் செனெலியே. ஓவியர்களுக்கென்று ஆயில் பேஸ்டல் செய்யத் தொடங்கியதே செனெலியேதான், 1949இல், பிக்காசோ கேட்டுக்கொண்டதன் பேரில். அதுவரை இது பள்ளிக்கூடச் சாமான். செனெலியே குச்சி உதட்டுச்சாயம் அளவுக்கு மென்மை. நம் ஊர் வெயிலுக்கு அது கொஞ்சம் அதிக மென்மை என்பது என் அபிப்பிராயம், முங்யோ போதும்.

அந்த ஒரு வெள்ளை பல வேலை பார்க்கும். மேகத்தின் விளிம்பு, தண்ணீரின் மினுக்கம், கண்ணின் ஒளிப்புள்ளி எல்லாம் கடைசியில் மேலே உட்காரும். இரண்டு நிறம் சேரும் இடத்தில் வெள்ளையைத் தேய்த்தால் கோடு தெரியாமல் குழையும். எந்தப் பெட்டியிலும் முதலில் தீர்வதும் வெள்ளைதான், ஆகவே வீண் செலவு ஆகாது. இரண்டாவதாக ஒன்று வாங்கலாம் என்றால் இளமஞ்சள் வாங்குங்கள்.

போட்டித் தாளில் வேலை நடக்கவில்லை

வண்ணம் தீட்டும் போட்டிகள் நம் பக்கம் நிறைய. சுதந்திர மாதத்தில் நடக்கும், தீபாவளிக்கு முன்னால் பேரங்காடியில் நடக்கும், கோயில் திருவிழாவிலும் நடக்கும். தாளை ஏற்பாட்டாளர்களே கொடுப்பார்கள். பெரும்பாலும் சிமிலி தாள் எனப்படும் மெல்லிய, வழவழப்பான அச்சுத் தாள். அதை மாற்ற முடியாது, அதனால் மற்றதை மாற்ற வேண்டும்.

தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மொசைக் தரையிலோ பிளாஸ்டிக் மேசையிலோ நேரடியாக வைத்தால் மெல்லிய தாளில் அடிப்பரப்பின் கீறல் எல்லாம் படத்தில் எழும். ஒரு பலகையின் மேல் நான்கைந்து நாளிதழ்த் தாள்களை மடிப்பு விழாமல் விரித்து, அதன் மேல் போட்டித் தாளை கிளிப் போட்டு வையுங்கள். அடியில் மெத்தென்று இருந்தால் குச்சி சமமாகப் படியும்.

வழவழப்பான தாள் இரண்டு அடுக்குக்கு மேல் தாங்காது. ஆகவே இருட்டிலிருந்து வெளிச்சம் வரை நிறம் மாறும் பட்டையை அடுக்கு மேல் அடுக்காக வரவைக்க முயலாதீர்கள். நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சந்திக்கும் இடத்தை மட்டும் இளநிறக் குச்சியால் தேய்த்துச் சேருங்கள். வானம் என்றால் மேலே நீலம், நடுவில் இளநீலம், கீழே வெள்ளை; இளநீலத்தை நீலத்துக்குள் கொஞ்சம் ஏற்றித் தேய்த்தால் போதும். டிஷ்யூவால் தேய்த்தால் இந்தத் தாளில் நிறம் முழுக்க டிஷ்யூவுக்குப் போய்விடும். விரல் பரவாயில்லை, குச்சிதான் மேல்.

அச்சிட்ட கறுப்புக் கோடு நிறத்தில் மங்கிப்போனால் கடைசியில் கறுப்பால் மறுபடி எடுக்கலாம். கடைசியில்தான். முதலில் கோட்டை அழுத்திவிட்டுப் பிறகு மஞ்சள் பூசினால் என்ன ஆகும் என்பது சேறு பற்றிய பகுதியில் இருக்கிறது.

வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன

தாள் தேவைக்கு மேல் முரடாக இருந்தால் குழிகளின் அடியை நிறம் எட்டாது. அழுத்தி அழுத்திக் கை வலிக்கும், புள்ளி போகாது. வரைவதற்கு முன்னால் தாளுக்கு ஒரு நிறம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் அதிகம் சேர்த்த நீர்வண்ணமோ போஸ்டர் வண்ணமோ ஒரு கை பூசிக் காயவைத்தால் குழிக்குள் வெள்ளை இருக்காது. செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டக் காட்சிக்குக் காவி பூசி அதன் மேல் பச்சை போட்டுப் பாருங்கள். இடையிடையே எட்டிப்பார்க்கும் காவி, செம்மண்ணின் வெப்பத்தைக் கொடுக்கும். ஆயில் பேஸ்டல் மேல் நீர்வண்ணம் நிற்காது, வரிசை மாறக் கூடாது.

பெரியவர்கள் டர்பென்டைனில் நனைத்த தூரிகையால் முதல் அடுக்கைக் கரைத்துப் பரப்புவார்கள். புள்ளி இல்லாமல் மூடிவிடும். சன்னல் திறந்த அறையில், 200 கிராமுக்கு மேற்பட்ட தாளில் மட்டும் செய்யுங்கள், பிள்ளைகள் இருக்கும் அறையில் வேண்டாம். சிலர் அதற்குப் பதிலாகக் குழந்தை எண்ணெய் பயன்படுத்துகிறார்கள். நிறம் கரையும், எண்ணெய் போகாது. தேங்காய் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். தாளுக்குள் இறங்கி, நாள் போகப் போகச் சிக்கு வாடை அடிக்கும்.

நிறம் சேறாகிறது

பெட்டியைத் திறந்து மஞ்சள் குச்சியின் முனையைப் பாருங்கள். பச்சையும் கறுப்பும் ஒட்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பழைய பனியன் துணியில் ஒரு முறை துடைத்துவிட்டுத் தொட வேண்டும். சாக் பேஸ்டலை அரிசியில் போட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்வார்கள்; ஆயில் பேஸ்டலில் அதைச் செய்தால் அரிசிதான் நிறம் மாறும்.

பென்சில் கோடும் ஒரு காரணம். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் அடியில் பென்சில் கரி இருந்தால் அது எண்ணெயோடு கலந்து சாம்பல் பூசும். அடிக்கோட்டை இளநிற ஆயில் பேஸ்டலிலேயே, வானம் என்றால் இளநீலம், மண் என்றால் காவி, மெல்லப் போட்டுக்கொள்ளுங்கள். அச்சிட்ட கறுப்புக் கோட்டை ஆயில் பேஸ்டல் கறுப்பால் முதலில் அழுத்தினாலும் இதே கதைதான்.

அப்புறம், நிழலுக்குக் கறுப்பு என்ற பழக்கம். செம்பனை மட்டையின் நிழலுக்குப் பச்சையோடு கறுப்பைச் சேர்த்தால் இலை செத்துப்போகும். கருநீலத்தையோ அடர் ஊதாவையோ பச்சைக்கு அடியில் போடுங்கள். ரப்பர் மரத் தண்டுக்குச் சாம்பல் வேண்டுமா? நீலமும் ஆரஞ்சும் கலந்தால் உயிருள்ள சாம்பல் வரும். எதிர் நிறங்கள் கலந்தால் மங்கும். வேண்டிய இடத்தில் அது உதவி, வேண்டாத இடத்தில் அதற்குப் பெயர் சேறு.

படத்தில் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன

கையால் தட்டிவிடாதீர்கள், கோடு இழுத்துவிடும். பலகையை நிமிர்த்திப் பின்னால் தட்டுங்கள். ஒட்டிக்கொண்டதை, போஸ்டர் ஒட்டும் பசைக்களியால் மேலிருந்து ஒற்றி எடுக்கலாம். மலிவான குச்சியில் துகள் அதிகம் விழும், அதற்கு வேறு மருந்து கிடையாது. பலகையைச் சாய்த்து வைத்து வரைந்தால் துகள் தானே கீழே போய்விடும்.

குச்சி உருகுகிறது, வளைகிறது

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. ஜப்பானின் சக்குரா நிறுவனம் 1924 வாக்கில் முதல் ஆயில் பேஸ்டலைச் செய்தபோதே இது இருந்தது. மெழுகு, ஸ்டியரிக் அமிலம், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றால் நிறமியைப் பிடித்தார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மேலே உருகும். ஆகவே குளிர்காலத்துக்கு எண்ணெய் கூடின பெட்டி, கோடைக்கு எண்ணெய் குறைந்த பெட்டி என்று தனித்தனியாக விற்றார்கள். 1927இல் கலவையைத் திருத்திய பிறகுதான் எல்லாப் பருவத்துக்கும் ஒரே பெட்டி வந்தது.

நமக்கு ஆண்டு முழுக்கக் கோடை. சுங்கை சிப்புட்டின் மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ மோட்டார் சைக்கிள் கூடைக்குள்ளோ பெட்டியை விடாதீர்கள். தகரக் கூரை வீட்டில் அலமாரியின் மேல்தட்டும் சரிப்படாது. தரைக்கு அருகில் வையுங்கள். வரைவதற்குக் கால் மணி நேரம் முன்னால் பெட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் மென்மையான குச்சிகூட முனை நிற்கும். மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்; வெளியே எடுத்ததும் வேர்க்கும் தண்ணீரைத் துடைக்காமல் வரைந்தால் நிறம் ஒட்டாது.

ஊருக்குப் பொருந்தும் குச்சி எது என்று கேட்டால், நடுத்தரக் கடினம். சக்குராவின் ஸ்பெஷலிஸ்ட் வகை சதுரக் குச்சியாக, கெட்டியாக இருக்கும்; விளிம்பால் மெல்லிய கோடும் போடலாம். உருண்டைக் குச்சியில் நுணுக்கம் வரவில்லை என்பவர்கள் முனையைக் கத்தியால் ஆப்புபோலச் சீவிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதியை, மேல் அடுக்கை ஆணி முனையால் கீறி அடியில் உள்ள நிறத்தை வெளிக்காட்டுவதால் தீர்க்கலாம்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது

கொஞ்ச நாள் எடுக்காத குச்சியிலோ படத்திலோ மூடுபனி மாதிரி வெள்ளை படிந்தால், பெரும்பாலும் மெழுகு மேலே வந்திருக்கிறது. மென்மையான துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். பஞ்சுபோல் முடி முடியாக, தாளின் வெற்றிடத்திலும் சேர்ந்து வளர்ந்திருந்தால் அது பூஞ்சணம். காலையில் நம் பக்கத்து ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் போகும். சுவரோடு ஒட்டி வைத்த படத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக நான்கு மூலையிலும் சின்ன ரப்பர்த் துண்டுகளை ஒட்டுங்கள். அடுக்கி வைத்த படங்களோடு சிலிக்கா பொட்டலம் போடுங்கள்.

காயவில்லை, ஒட்டுகிறது, பின்பக்கம் எண்ணெய்க் கறை

ஆயில் பேஸ்டல் காயாது. எத்தனை மாதம் வைத்தாலும் நகத்தால் கீறினால் கீறல் விழும். அதில் இருக்கும் எண்ணெய் காயாத வகை. அது குறை ஆகாது. முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் படத்துக்கு அடிக்கிறார்கள், அது மஞ்சளாகும், வேண்டாம். சாக் பேஸ்டலுக்கான ஃபிக்ஸேட்டிவ், அதாவது நிறம் உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரே, இதில் அவ்வளவாக வேலை செய்யாது. ஆயில் பேஸ்டலுக்கென்றே தயாரித்தது கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் பணத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் தடித்த அட்டை மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள். சட்டம் போடும் கடையில் ‘அட்டை வேண்டாம், காசு மிச்சம்’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், பாதிப் படம் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் போடாத படங்களுக்கு இடையில், கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளை வையுங்கள். நாளிதழ் வைத்தால் செய்தி படத்தில் ஏறும்.

பின்பக்கம் எண்ணெய் வட்டம் தெரிவது மெல்லிய தாளின் குறை. முன்பே கெஸ்ஸோ பூசியிருந்தால் வராது. வந்தபின் எடுக்க முடியாது.

நிறம் வெளுக்கிறது

பள்ளிப் பெட்டியில் உள்ள பளீரென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் முதலில் போகும். ஒளிரும் நிறங்கள் இன்னும் சீக்கிரம். வாங்கும் முன் குச்சிச் சுற்றுத் தாளிலோ பெட்டியிலோ ஒளி தாங்கும் அளவு நட்சத்திரக் குறியால் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருக்கவில்லை என்றால் சோதனை சுலபம். ஒரு தாளில் எல்லா நிறத்தையும் பட்டையாகப் போட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மூடியதைப் பிரித்தால் எந்தக் குச்சியை நம்பலாம் என்று தெரியும். நம்ப முடியாத குச்சிகளைப் போட்டிப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை யாரும் பத்து வருடம் வெயிலில் மாட்டி வைப்பதில்லை.